பக்கத்து வீட்டு கோச்சைப் பற்றி என்னிடம் பேசாதீர்கள்

2026 ஜனவரி 1, வியாழக்கிழமை சாயங்காலம். அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலின் பெரிய ஆட்டங்களில் ஒன்றான ரோஸ் பௌல் இன்னும் முடியக்கூட இல்லை. இண்டியானா பல்கலைக்கழக அணி அலபாமா பல்கலைக்கழக அணியைப் போட்டு உலுக்கிக்கொண்டிருக்கிறது. நான் டீயை எடுத்துக்கொண்டு அப்போதுதான் சோபாவில் உட்கார்ந்தேன். எங்கள் நண்பர்கள் குரூப்பில் வந்து விழுந்தது ஒரு பட்டியல். இப்போதைய கோச் டிபோரைத் தூக்கிவிட்டால் அலபாமாவுக்கு அடுத்த கோச் யார்? ஏழு பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு சதவீதம். கூட்டிப் பார்த்தேன், 135 வந்தது. பத்தே நிமிடத்தில் நாற்பது பதில்கள்.

அந்த குரூப்பில் இருக்கும் பதினொரு பேரும் அலபாமாவின் பரம எதிரியான ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள். ஒருவர் வீட்டில்கூட அலபாமாவின் சிவப்புச் சட்டை கிடையாது. அப்புறம் அலபாமாவுக்கு யார் கோச்சாக வந்தால் நமக்கென்ன? இந்தக் கேள்வியை இரண்டு வருடமாகக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டேன்.

இதை எழுத உட்கார்ந்ததே அந்த 135 சதவீதத்தால்தான். ஆனால் உண்மையான கோபம் டிசம்பர் 13-ஆம் தேதியிலிருந்து உள்ளே கிடக்கிறது. அதைச் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது.

அன்றைக்கு சனிக்கிழமை, என் மகளின் பிறந்தநாள். ஹன்ட்ஸ்வில்லில் எங்கள் வீட்டில் வைத்திருந்தோம். கோவில்பட்டியிலிருந்து வந்திருக்கும் அம்மா காலை ஐந்து மணிக்கே எழுந்து சமைக்க ஆரம்பித்துவிட்டார். மத்தியானம் எல்லோரும் வந்தார்கள். அதற்கு மூன்று நாள் முன்னால்தான் மிஷிகன் பல்கலைக்கழகம், தன் கோச் ஷெரோன் மூரை வேலையை விட்டு நீக்கியிருந்தது. டிபோர் பெயர் அங்கே அடிபட ஆரம்பித்திருந்தது. டிபோர் மிஷிகன் போனால் அலபாமாவுக்கு யார்? இந்த ஒரு கேள்வியோடு அண்ணன் உள்ளே நுழைந்தார். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டார். குழந்தைக்கு வாழ்த்துச் சொன்னது அதற்கப்புறம்தான்.

அண்ணன் என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. 2012 ஆகஸ்டில் இரண்டு பெட்டியோடு அட்லாண்டா ஏர்போர்ட்டில் முழித்துக்கொண்டு நின்றவனைக் கூட்டிக்கொண்டு போய், ரூம் கிடைக்கும்வரை மூன்று வாரம் தன் வீட்டு ஹாலில் படுக்கவைத்தவர். அதனால் அவர் பேசும்போது குறுக்கே பேச எனக்கு இன்றுவரை வாய் வருவதில்லை. அன்றைக்கும் வரவில்லை. வந்திருக்க வேண்டும்.

சாப்பிட உட்கார்ந்தோம். அண்ணன் தட்டுக்குப் பக்கத்தில் போனை வைத்தார். அதில் விமானங்களைக் காட்டும் ஆப். அலபாமா பல்கலைக்கழகம் இருக்கும் டஸ்கலூசாவிலிருந்து ஒரு சின்ன ஜெட் கிளம்பி வடக்கே திரும்பியிருக்கிறது. "பார்த்தியாடா? நேரா ஆன் ஆர்பர்." மிஷிகன் பல்கலைக்கழகம் இருக்கும் ஊர் அது. யாருடைய விமானம் என்று கேட்டேன். அந்த விவரம் மறைத்து வைத்திருக்கிறார்களாம். மறைத்து வைத்திருப்பதே பெரிய ஆதாரமாம். டஸ்கலூசாவில் மெர்சிடிஸ் தொழிற்சாலை இருக்கிறது, வியாபாரிகள் இருக்கிறார்கள், மருத்துவர்கள் இருக்கிறார்கள், அவர்களும் விமானத்தில் போவார்களே என்றேன். என் தோளைத் தட்டி, உனக்கு இதெல்லாம் புரியாதுடா என்றார்.

அம்மா சாம்பாரை எடுத்துக்கொண்டு பின்னால் நிற்கிறார். யாரும் தட்டைப் பார்க்கவில்லை. ஐந்து பேர் எழுந்துபோய் அண்ணன் தலைக்கு மேல் குனிந்துகொண்டு நிற்கிறார்கள். போனில் ஒரு மஞ்சள் புள்ளி நகர்கிறது. அது கல்மனைத் தாண்டியதும் ஒருவருக்குப் புத்தியில் பட்டது, விமானம் எங்கள் ஊருக்கு மேலேதான் வரப்போகிறது என்று. உடனே எல்லோரும் பின்வாசலுக்கு ஓடினார்கள். குழந்தைகளும் ஓடின, என்ன ஏது என்று தெரியாமல். மேகம் மூடிய வானம், நல்ல குளிர். கேக்கில் மெழுகுவத்தி குத்தி வைத்திருக்கிறது. பிறந்தநாள் கொண்டாட வேண்டிய குழந்தை ஸ்வெட்டர் இல்லாமல் புல்லில் நின்று அண்ணாந்து பார்க்கிறாள். அவளைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தேன்.

அந்த நேரம் டிவியில் அமெரிக்க ராணுவக் கல்லூரியும் கடற்படைக் கல்லூரியும் மோதும் ஆர்மி-நேவி ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்கு நாடே பார்க்கும் ஆட்டம் அது. அந்தப் பையன்களில் பெரும்பாலோர் படிப்பு முடிந்ததும் தொழில்முறை ஆட்டத்துக்குப் போகப்போவதில்லை, ராணுவத்துக்குப் போகிறவர்கள். கடைசிவரை இழுத்துக்கொண்டுபோய் 17-16 என்று நேவி ஜெயித்தது. ஒரே ஒரு பாயிண்ட்! எங்கள் வீட்டில் அதைப் பார்த்தது நானும் அம்மாவும் மட்டும்தான். அம்மாவுக்கு விதிமுறை ஒன்றும் தெரியாது. ஆனால் அவர் பார்த்தார். ஃபுட்பால் பிடிக்கும், ஃபுட்பால் உயிர் என்று பேசுகிற ஐந்து பேர் கண்ணெதிரே நடந்த ஃபுட்பாலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு விமானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சரி, விமானம் என்ன ஆனது? டென்னசியைத் தாண்டியது, கென்டக்கிக்குள் போனது, லூயிவில்லில் இறங்கிவிட்டது. ஆன் ஆர்பர் இன்னும் எவ்வளவோ தூரம். அதோடு முடிந்தது, இனி கேக் வெட்டலாம் என்று நினைத்தேன். அண்ணன் இரண்டு நிமிடம் பேசாமல் இருந்தார். அப்புறம் மேசையைத் தட்டினார். "லூயிவில்லில் யார் கோச்? ஜெஃப் ப்ரோம். டிபோர் போறது முடிவாயிடுச்சுடா. அலபாமாக்காரங்க ப்ரோமைப் பார்க்கப் போயிருக்காங்க."

இவர்களுக்கு எந்த விமானம் எங்கே இறங்கினாலும் ஆதாரம். இறங்காவிட்டாலும் ஆதாரம். ஒருவர் மறுத்தால், பார் மறுக்கிறார் என்பார்கள். இதற்கு அலபாமாவின் பழைய கோச் சேபனைக் காரணம் காட்டுவார்கள். உண்மைதான், 2006 டிசம்பரில் அலபாமா கோச்சாக நான் போகப்போவதில்லை என்று மியாமி அணியின் கோச்சாக இருந்தபடி சொன்ன சேபன், 2007 ஜனவரி ஆரம்பத்தில் டஸ்கலூசாவில் வந்து இறங்கினார். அந்த ஒருவர் சொன்ன ஒரு பொய்யை வைத்துக்கொண்டு, அதற்கப்புறம் வாயைத் திறந்த ஒவ்வொரு கோச்சும் பொய்யன் என்று முடிவு கட்டிவிட்டார்கள். 2024 ஜனவரியில் சேபன் ஓய்வு பெற்றபோது ஒரிகான் கோச் டான் லேனிங் ஒரிகானைவிட்டு நகரமாட்டேன் என்று வீடியோவே போட்டார். அதையும் இவர்கள் நம்பவில்லை. அவர் இன்னும் அங்கேதான் இருக்கிறார்.

கடைசியில் டிசம்பர் 26-ஆம் தேதி மிஷிகன் கைல் விட்டிங்ஹாமை எடுத்தது. யூட்டாவில் 21 சீசன் தலைமை கோச்சாக இருந்த மனிதர். எங்கள் வீட்டு மேசையில் இரண்டரை மணி நேரம் விழுந்த பெயர்களில் அவர் பெயர் ஒரு தடவைகூட இல்லை. ப்ரோம் லூயிவில்லிலேயே இருக்கிறார். டிபோர் டஸ்கலூசாவிலேயே இருக்கிறார். ஆறு நாள் கழித்து இதோ ஏழு பெயரோடு புதுப் பட்டியல். தப்பாகிப்போனதே என்று ஒருவருக்காவது கூச்சம் வந்ததா? இல்லை.

நம் ஆபர்ன் வீட்டு நிலவரம் என்ன? 2020-க்கு அப்புறம் நாம் தோற்றதைவிட அதிகமாக ஜெயித்த ஒரு சீசன்கூட இல்லை. வெற்றி-தோல்விக் கணக்கு 6-7, 5-7, 6-7, 5-7, 5-7. தொடர்ந்து ஐந்து வருடம். வருடாவருடம் அலபாமாவோடு ஆடும் அயர்ன் பௌலில் தொடர்ந்து ஆறு தோல்வி. அதில் 2023-இல் நடந்ததை என் எதிரிக்கும் நினைக்க மாட்டேன்: அலபாமாவுக்கு நாலாவது டவுன், அதாவது கடைசி வாய்ப்பு, 31 யார்டு வேண்டும், அதையும் விட்டுக்கொடுத்தோம். போன நவம்பர் 29 அன்று நம் சொந்த மைதானத்திலேயே 27-20 என்று தோற்றோம். கோச் மால்ஸானை வேலையை விட்டு அனுப்ப 2 கோடி டாலருக்கு மேல், ஹார்சினை அனுப்ப சுமார் ஒன்றரைக் கோடி, இப்போது ஃப்ரீஸை அனுப்ப மறுபடியும் சுமார் ஒன்றரைக் கோடி. ஐந்து வருடத்தில் மூன்று பேருக்கு, இனி வராதே என்று சொல்வதற்கு மட்டும் ஏறக்குறைய 5 கோடி டாலர். இதைப் பற்றி குரூப்பில் ஒரு வரி? புதுக் கோச் கோலெஷ் சவுத் ஃப்ளோரிடாவிலிருந்து வந்து இறங்கி ஒரு மாதம் ஆகிறது. அவர் யாரை உதவி கோச்சாக எடுக்கிறார், எந்தப் பையன்களைத் தக்கவைக்கிறார் என்று ஒரு கேள்வி? கிடையாது. தன் வீட்டுக் கூரை ஒழுகுகிறது, இவர்கள் பக்கத்து வீட்டுக்கு யார் மருமகளாக வரப்போகிறாள் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

விமானத்தைத் துரத்துவதன் லட்சணம் மற்ற எவரையும்விட நமக்குத்தான் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். 2003 நவம்பரில், அயர்ன் பௌலுக்கு இரண்டே நாள் இருக்கும்போது, நம் பல்கலைக்கழகத் தலைவரே ரகசியமாக விமானம் ஏறி, இதே லூயிவில் பக்கம் போய் அந்த அணியின் கோச் பாபி பெட்ரினோவைப் பார்த்துவிட்டு வந்தார். நம் கோச் டபர்வில் அப்போது வேலையில் இருக்கிறார்! விஷயம் வெளியே வந்து நாறியது. டபர்வில் அந்த அயர்ன் பௌலை ஜெயித்தார், அடுத்த வருடம் 13-0. துரத்த நினைத்தவர் பதவியை விட்டுப் போனார். 2008 டிசம்பரில் ஜீன் சிசிக்கைக் கோச்சாக எடுத்தபோது, ஆபர்ன் விமான நிலையத்திலேயே நின்று ஒரு ரசிகர் கத்தினார், இவர் எதற்கு என்று. அயோவா ஸ்டேட்டில் 5-19 வைத்திருந்த ஆளை நம் கூட்டம் முழுக்கத் திட்டியது. 2011 ஜனவரியில் ஒரிகானை 22-19 என்று ஜெயித்துக் கோப்பையைக் கொண்டுவந்தது அவர்தான். ரசிகர்களின் கணிப்பு இவ்வளவுதான். இதை அறிந்தவர்கள்தான் சதவீதம் போடுகிறார்கள்.

எனக்கு இது ஏன் இவ்வளவு வலிக்கிறது என்றால், நான் ஆபர்னில் சேர்ந்த 2012 சீசன்தான் 3-9. அலபாமாவிடம் 49-0 என்று தோற்ற மறுநாள் சிசிக்கை நீக்கினார்கள். நான் அப்போது ஒரு புள்ளியியல் வகுப்புக்கு உதவியாளன். அந்த வாரம் ஒரு பையன் பாட சந்தேகம் கேட்கிறேன் என்று வந்தான். அணியில் இருப்பவன், முதல் வருடம். நோட்டைத் திறந்தான், ஒன்றும் கேட்கவில்லை. பத்து நிமிடம் கழித்துச் சொன்னான், தன் வீட்டுக்கு வந்து தன் அம்மாவிடம் பேசித் தன்னைக் கூட்டிக்கொண்டுவந்தவர் போய்விட்டார், அடுத்து வருகிறவருக்குத் தன் பெயர்கூடத் தெரியாது என்று. பதினெட்டு வயது. அவனுக்கு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போனான்.

அந்த முகம்தான் எனக்கு ஒவ்வொரு பட்டியலையும் பார்க்கும்போது வருகிறது. டஸ்கலூசாவிலும் அப்படிப்பட்ட பையன்கள்தான் இருக்கிறார்கள், எனக்குப் பிடிக்காத நிறத்தில் சட்டை போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். சேபன் போனதும் அலபாமா வீரன் கேலப் டவுன்ஸ் ஒஹாயோ ஸ்டேட்டுக்குப் போனபோது நம் குரூப்பில் பட்டாசு படம் போட்டுக் கொண்டாடினார்கள். அலபாமா தோற்க வேண்டும் என்று நானும் ஆசைப்படுகிறவன்தான். மைதானத்தில் தோற்க வேண்டும். 2013-இல் நம் கிறிஸ் டேவிஸ் பந்தோடு அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை ஓடினானே, அப்படித் தோற்க வேண்டும். அன்றைக்கு நம் ஜோர்டன்-ஹேர் மைதானத்தில் அண்ணன் என்னைத் தூக்கிச் சுற்றினார். இரண்டு பேருக்கும் குரல் போய்விட்டது. ராத்திரி முழுக்க ஆபர்ன் ரசிகர்கள் கூடும் டூமர்ஸ் கார்னரில் நின்றோம். யார் கோச், யார் போவார், யார் வருவார் என்று ஒரு வார்த்தை பேசவில்லை. ஆட்டத்தைப் பற்றி மட்டும் பேசினோம்.

அந்த அண்ணனைத்தான் நான் தேடிக்கொண்டிருக்கிறேன். வருடத்துக்கு நாலு தடவை பார்த்துக்கொள்கிறோம். அந்த நாலு தடவையும் ஒரு மஞ்சள் புள்ளிக்குப் போய்விடுகிறது. அவருக்கு முட்டி வலி, ஆபரேஷன் செய்யவேண்டி வரலாம் என்பதை அவர் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

குரூப்பை மியூட்டில் போட்டுவிட்டேன். வெளியேறவில்லை, மனசு வரவில்லை.

இன்னொன்று. பிறந்தநாளன்று மிச்சமிருந்த பாயசத்தை அம்மா ஒரு எவர்சில்வர் தூக்குவாளியில் ஊற்றி அண்ணனிடம் கொடுத்தனுப்பினார். அது என் பாட்டியின் தூக்குவாளி. மூடியில் புள்ளி புள்ளியாகப் பாட்டி பெயர் வெட்டியிருக்கும். அம்மா ஊரிலிருந்து பெட்டியில் துணிக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்தது. மூன்று வாரம் ஆகிறது. தினமும் குரூப்பில் எழுதுகிற மனிதருக்கு அதைத் திருப்பித் தர வேண்டும் என்று தோன்றவில்லை. அம்மா பிப்ரவரியில் ஊருக்குக் கிளம்புகிறார். தினமும் ஒரு தடவை கேட்கிறார், வாளி வந்துவிட்டதா என்று. அண்ணா, இதைப் படித்தால், அலபாமாவுக்கு யார் வேண்டுமானாலும் வரட்டும், அந்தத் தூக்குவாளியை மட்டும் சீக்கிரம் கொண்டுவந்து கொடுத்துவிடுங்கள்.