வெம்ப் டெஸ்டில் கழுத்துக்கு ஷாக் கொடுப்பதில்லை

"கழுத்தில் கரண்ட் விட்டுப் பார்ப்பார்கள், நார்மல் என்று வந்தால் காதில் கோளாறே இல்லை" என்று, உள்காதின் சமநிலை உறுப்பைச் சோதிக்கும் இந்த வெம்ப் (VEMP) டெஸ்ட் பற்றி மேலே எழுதியிருக்கிறீர்கள். இரண்டுமே தவறு, அண்ணே.

கழுத்தில் ஒட்டுவது தசையின் மின்துடிப்பைப் பதிவு செய்யும் பட்டைகள் மட்டும்தான். உள்ளே எதுவும் போகாது. போன வருடம் இங்கே சிங்கப்பூரில் அம்மாவுக்கு எடுத்தபோது கூடவே இருந்தேன். படுக்க வைத்து, தலையை லேசாகத் தூக்கித் திருப்பிக்கொள்ளச் சொன்னார்கள். காதுக்குள் 'டொக் டொக்' என்று பலத்த சத்தம். "தேக்கா மார்க்கெட்டில் கோழி வெட்டுற மாதிரி இருக்கு" என்றார் அம்மா. தலையைத் தூக்குவது சும்மா இல்லை. கழுத்துத் தசை இறுகியிருந்தால்தான் பதில் தெரியும். அந்தச் சத்தம் உள்காதில் சாக்யூல் என்ற சிறு பையைத் தூண்டும். உடனே அதே பக்கத்துக் கழுத்துத் தசை ஒரு நொடியில் சின்னஞ்சிறு பகுதிக்குத் தளரும். பட்டைகளின் பதிவில், சத்தத்துக்குப் பின் சுமார் 13, 23 மில்லிவினாடிகளில் வரும் இரண்டு அலைகள் அதுதான். சிட்னியில் கோல்பேட்ச், ஹால்மாஜி என்ற நரம்பியல் மருத்துவர்கள் இருவரும் 1992இல் எழுதிய விஷயம் இது.

சரி, நார்மல் வந்தால்? சாக்யூலும் அதன் நரம்பும் வேலை செய்கின்றன, அவ்வளவே. படுக்கையில் புரண்டால் தலை சுற்றுவது பெரும்பாலும் உள்காதின் இன்னொரு பகுதியான அரைவட்டக் குழாய்க்குள் நழுவிய துகளால். அதற்குத் தலையைச் சாய்த்துக் கண்ணசைவைப் பார்க்கும் சோதனை வேறு. நடுக்காதில் அடைப்பு இருந்தால், சாக்யூல் நன்றாக இருந்தும் அலை வராமல் போகலாம். அப்புறம், அறுபது தாண்டியவர்களுக்கு அலை சிறுத்து வருவதும் சகஜம்.