பெஞ்சில் காத்திருந்த தாத்தா

எங்கள் தெருமுனை சலூனை இந்த மாதத்தோடு மூடப்போகிறார்கள் என்று தெரிந்ததும் ஊர் வாட்ஸப் குழுவில் ஒரே ஒப்பாரி. "அந்த மரப்பெஞ்சு, எதிரெதிரே மாட்டின கண்ணாடி, இலங்கை வானொலி, எல்லாம் போச்சே!" எனக்கும் வருத்தம்தான். ஆனால் அந்தக் கடை ஏன் வந்தது என்று ஒருத்தரும் எழுதவில்லை. அதனால் நான் எழுதுகிறேன், திட்டுகிறவர்கள் திட்டிக்கொள்ளுங்கள்.

அறுபதுகளுக்கு முன்னால் எங்கள் ஊரில் சலூனே கிடையாது. இப்போது கடை வைத்திருக்கும் அண்ணனுடைய அப்பா, சவரச் சாமான் வைத்த அடைப்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு விடிகாலையில் வீடு வீடாகப் போவார். வாசல் வழியாக இல்லை, கொல்லை வழியாக. எங்கள் வீட்டுக் கிணற்றடியில் தாத்தா மணையில் உட்கார்ந்திருப்பார், இவர் குத்துக்காலிட்டுச் சவரம் செய்வார். கூலி காசாக வராது. அறுப்பு முடிந்ததும் களத்துமேட்டில் போய் நின்றால் நெல்லாக அளப்பார்கள். பள்ளிக்கூடப் பையனாக இருந்த என் அப்பாகூட அவரை "வாடா போடா" என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். இதைச் சொல்லும்போது அப்பாவின் குரல் இறங்கிவிடும். ஏனென்றால் அப்பா பிறந்தபோது பிரசவம் பார்த்தது அந்த மனிதருடைய அம்மா. மருத்துவச்சி. பிரசவ அறைக்குள் வரலாம், பிள்ளையைக் கையில் ஏந்தலாம். வேலை முடிந்தால் மறுபடி கொல்லைதான்.

சாதிப் பெயரைச் சொல்லித் திட்டுவதும் அப்போது சர்வசாதாரணம். சென்னையில் ஹாமில்டன் பாலம் ஜனங்கள் வாயில் புரண்டு அம்பட்டன் வாராவதியாகி, அதையே திரும்ப இங்கிலீஷில் 'பார்பர்ஸ் பிரிட்ஜ்' என்று ஆக்கிய கதை பலருக்கும் தெரியும். (இப்போது அது அம்பேத்கர் பாலம்.) எங்கள் ஊர்க்காரர் மட்டும் தன் பலகையில் என்ன இருக்க வேண்டும் என்பதைத் தானே முடிவு செய்தார். 'முடி திருத்தும் நிலையம்.' திமுக வளர்ந்துகொண்டிருந்த காலம், சலூனும் டீக்கடையும்தான் அந்தக் கட்சிக்குப் படிப்பகம். இவர் கடையிலும் முரசொலி கிடக்கும். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர் சத்தமாகப் படிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள்.

கடை போட்டதும் அவர் செய்த முதல் காரியம், வீடுகளுக்குப் போவதை நிறுத்தியது. களத்து நெல்லையும் வேண்டாம் என்றார், சாவு வீட்டுச் சடங்கு வேலையையும் விட்டார். தெரு கொதித்தது. தாத்தா ஆறு மாதம் பிடிவாதமாக வீட்டிலேயே தானே மழித்துக் கன்னமெல்லாம் கீறிக்கொண்டார். கடைசியில் ஒருநாள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனார். நாற்காலியில் ஒரு வண்டிக்காரர். தாத்தாவைப் பார்த்ததும் அவர் பதறி எழுந்திருக்கப் போக, கடைக்காரர் தோளை அழுத்தி உட்கார வைத்துவிட்டு, "செத்த பெஞ்சில உக்காருங்க, முடிச்சுட்டுக் கூப்பிடுறேன்" என்றாராம். தாத்தா உட்கார்ந்தார். எங்கள் குடும்பத்தில் முடிவெட்டக் காத்திருந்த முதல் ஆள் அவர்தான்.

கத்தி மாறிய கதையும் உண்டு. தோல்வாரில் தீட்டிய சவரக்கத்தி ஒன்றே ஊருக்கெல்லாம் போதுமாக இருந்தது. 1986-இல் டாக்டர் சுனிதி சாலமன் குழு சென்னையில் எச்ஐவி தொற்று இருப்பதைக் கண்டுபிடித்த பிறகு பயம் மெல்ல மெல்ல எங்கள் ஊருக்கும் வந்தது. ஆளுக்கு ஒரு பாதி பிளேடு என்று ஆனது. பிளேடை ஒடித்துக் காட்டிவிட்டுத்தான் அண்ணன் கை வைப்பார். படிகாரக் கட்டி மட்டும் ரொம்ப நாள் பொதுவாகவே இருந்தது!

அந்தக் கடையைப் புனிதமாக்கவும் எனக்கு மனசில்லை. காலனிக்காரர்களுக்கு அங்கே முடி வெட்டவில்லை. தீண்டாமைக் குற்றச் சட்டம் 1955-லேயே வந்துவிட்டது, ஆனாலும் அவர்கள் பஸ் ஏறி டவுனுக்குத்தான் போனார்கள். "அவங்களுக்கு வெட்டினா நாங்க வரமாட்டோம்" என்று மிரட்டியது எங்கள் தெரு. தன்னை யாரும் 'டா' போடக் கூடாது என்று நின்ற மனிதர் அதற்கு அடங்கிப்போனார். கடை அண்ணன் கைக்கு வந்த பிறகுதான் அது மாறியது. அன்றைக்குக் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போனவர்களில் மூன்று பேர் இப்போது குழுவில் அழுகிற பொம்மை போடுகிறார்கள். பெயர் சொல்லமாட்டேன், அவர்களுக்கே தெரியும்.

2020 ஜூனில் ஊரடங்கு தளர்ந்தபோது, வருகிறவர்களின் பெயர், முகவரி, ஆதார் எண்ணை எழுதி வைக்கச் சொன்னது அரசு. அண்ணன் ஒரு நோட்டுப் போட்டார். சின்ன வயதிலிருந்து பார்த்த தலைகளிடம் "உங்க பேரு?" என்று கேட்டு எழுதியதை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்.

மூடுவதற்குக் காரணம் மால் கடையும் இல்லை, ஏசி சலூனும் இல்லை. நாற்பது வருஷம் நின்றே வேலை செய்ததில் காலில் நரம்பு சுருட்டிக்கொண்டது. மகன் லேப் டெக்னீசியன். "அவனுக்கு ஏந்தம்பி இந்தக் கத்திரி?" என்கிறார். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. பாரம்பரியம் போச்சே என்கிறவர்கள் தங்கள் பையனைக் கத்திரி பிடிக்க அனுப்பட்டும்.

போன ஞாயிறு போயிருந்தேன். எனக்கு முன்னால் நாலு பேர். என் முறை வந்ததும், நாற்காலியை என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டேன்.

"பழைய இரும்புக்காரரு கேட்டிருக்காரு. செவ்வாக்கிழமை வந்து எடுத்துக்கச் சொல்லியிருக்கேன்."

"ஏண்ணே, நாளைக்கே வரலாமே?"

"நாளைக்குக் கடை இருக்கே தம்பி. செவ்வாக்கிழமைதானே லீவு."