இப்போது கையில் இருப்பது என் சரித்திரம்

"இப்போது என்ன படிக்கிறீர்கள், அடுத்து என்ன?" என்று கட்டுரையின் முடிவில் கேட்டிருந்தீர்கள். நான் தமிழறிஞர் உ.வே.சாமிநாதையரின் (உ.வே.சா.) சுயசரிதையான 'என் சரித்திரம்' படிக்கிறேன். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு பக்கம், அவ்வளவுதான். பெரிய புத்தகம், ஆனால் அவசரப்பட மனம் வரவில்லை.

நேற்று படித்தது 1880 அக்டோபர் 21, கும்பகோணத்தில் முன்சீப் நீதிபதியாக இருந்த சேலம் இராமசாமி முதலியாரை உ.வே.சா. சந்திக்கும் இடம். தான் பாடம் கேட்ட அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, புராணங்கள் என்று இவர் வரிசையாகச் சொல்கிறார். முதலியாரோ கொஞ்சமும் அசரவில்லை. சிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை படித்ததுண்டா என்று கேட்கிறார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர், கல்லூரித் தமிழாசிரியர், இல்லை என்று சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தேன். ஏழு வருஷம் கழித்து, 1887இல் இவர் பதிப்பிலேயே சீவக சிந்தாமணி அச்சில் வந்தது என்று நினைக்கும்போது உடம்பு சிலிர்க்கிறது.

இன்னும் முக்கால்வாசி தாண்டவில்லை. விகடனில் தொடராக எழுதிவந்தவர் 1942இல் காலமாகிவிட்டதால் இது பாதியில் நிற்கும் என்று தெரியும். அதனாலேயே மெதுவாகப் போகிறேன்.

அப்புறம் கி.ரா.வின் (கி.ராஜநாராயணன்) நாவல் 'கோபல்ல கிராமம்', கையோடு 'கோபல்லபுரத்து மக்கள்'. இரண்டையும் வாங்கி அலமாரியில் வைத்தாயிற்று. 'கோபல்ல கிராம'த்தில் மங்கத்தாயாரு அம்மாள் என்ற மூதாட்டி சொல்லும் கதையை அம்மாவுக்கு வாசித்துக் காட்டப் போகிறேன். அவருக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை, கேட்கப் பிடிக்கும்.