துக்கத்துக்கு வரிசை எண் கிடையாது

மேலே ஒருவர், "அப்பா அம்மா இறந்தால் மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என்று ஐந்து கட்டமும் வரிசையாக வரும்; வராவிட்டால் மனதில் ஏதோ கோளாறு, ஒரு வருடத்துக்குள் சரியாகிவிட வேண்டும்" என்று எழுதியிருக்கிறார். இது தவறு. அண்மையில் பெற்றோரை இழந்த யாராவது இதைப் படித்துப் பயந்துவிடக் கூடாது.

மனநல மருத்துவர் எலிசபெத் கியூப்ளர் ராஸ் 1969-இல் அந்த ஐந்தையும் எழுதியது, சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளிடம் பேசி. இழந்தவர்களுக்கு அதைப் பொருத்தியது பிறகுதான். பிற்காலத்தில் அவரே இழப்பைப் பற்றி இணைந்து எழுதியபோதும், எல்லோரும் எல்லாவற்றையும் வரிசைப்படி கடப்பதில்லை என்று தெளிவாக்கினார்.

என் அப்பா கடைசி இரண்டு வருடமும் சட்டைப் பொத்தானை யாரையும் போடவிட மாட்டார். விரல் நடுங்கும், பத்து நிமிடம் ஆகும். கை பரபரக்க நான் கதவோரம் நிற்பேன். என் துக்கம் அங்கேயே தொடங்கிவிட்டது. அவர் போனபின் கோபமும் வரவில்லை, பேரமும் வரவில்லை. ஏழு மாதம் கழித்து என் சட்டைப் பொத்தான் ஒன்று அறுந்து விழுந்தது. அன்றுதான் அழுதேன்.

ஒரு வருடக் கணக்கும் அப்படித்தான். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2022-இல் நீடித்த துயரக் கோளாறை, மனநோய்களை அடையாளம் காண உதவும் தன் கையேட்டில் சேர்த்தது. பெரியவர்களுக்கு இழப்புக்குப் பின் குறைந்தது 12 மாதம் என்ற வரம்பு உண்டு. ஆனால் ஏக்கம் அநேகமாகத் தினமும் வாட்டி, அன்றாட வாழ்க்கையே முடங்கினால்தான் அந்தப் பெயர். அப்படியென்றால் தயங்காமல் மருத்துவரைப் பாருங்கள். ஒன்றரை வருடம் கழித்து நினைத்து அழுவது நோயல்ல.