இரண்டு என்றால் எதில் இரண்டு?

கடுகுப் பூவில் எத்தனை மகரந்தத்தாள்கள் (பூவின் ஆண் உறுப்புகள்) என்ற கேள்விக்கு என் மாணவி ஒருத்தி 'நான்கு' என்று எழுதியிருந்தாள். சோம்பேறிப் பெண் இல்லை. 'டெட்ராடைனமஸ்' என்று மனப்பாடம் செய்திருக்கிறாள், டெட்ரா என்றால் நான்கு என்றும் தெரிந்து வைத்திருக்கிறாள். தெரிந்ததாலேயே தப்பாகிவிட்டது. பூவில் இருப்பது ஆறு. உள்ளே நான்கு நீளம், வெளியே இரண்டு குட்டை. அந்தச் சொல் எண்ணுவது நீளமானவற்றை மட்டும்!

வருடா வருடம் இதே கதைதான், எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. துளசி 'டைடைனமஸ்': நான்கு தாள்களில் இரண்டு நீளம். பட்டாணி 'டையடெல்ஃபஸ்': இங்கே இரண்டு என்பது கற்றைகளின் கணக்கு. பத்துத் தாள்களில் ஒன்பதின் கம்பிகள் (மகரந்தப் பையைத் தாங்கும் காம்புகள்) சேர்ந்திருக்கும், பத்தாவது தனியாக நிற்கும். அந்த ஒற்றைத் தாளும் ஒரு கற்றையாம். ஒன்று எப்படி ஐயா கற்றையாகும்? மல்லிகை 'டையாண்ட்ரஸ்' என்றால் மொத்தமே இரண்டு தாள்தான். ஒரே 'டை', மூன்று கணக்கு. எதை எண்ணுகிறோம் என்று எந்தச் சொல்லாவது வாய்திறந்து சொல்கிறதா?

1735-ல் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் தாவரங்களை 24 வகுப்புகளாகப் பிரித்தபோது இவற்றில் பல வகுப்புப் பெயர்களாக இருந்தன. சரி, அவர் எழுதியது லத்தீன் படித்தவர்களுக்கு. அந்த வகைப்பாடே வழக்கொழிந்து போன பிறகும் பிள்ளைகள் ஏன் இதைச் சுமக்க வேண்டும்?

தமிழில் ஒருகற்றை, இருகற்றை, பலகற்றை என்று நல்ல சொற்கள் இருக்கின்றன. கற்றையை எண்ணுகிறோம் என்பது சொல்லிலேயே தெரிகிறது. ஆனால் பாடப்புத்தகத்தில் அடுத்த பக்கத்திலேயே 'மகரந்தத்தாள்கள் இணைந்தவை' என்று மொட்டையாக ஒரு வரி. எது எதோடு? செம்பருத்தியில் கம்பிகள் இணைந்து குழாயாகின்றன. சூரியகாந்தியில் கம்பிகள் தனித்தனி, மகரந்தப் பைகள்தான் இணைந்திருக்கும். ஊமத்தையில் தாள்கள் ஒன்றோடொன்று சேரவே இல்லை, அல்லியோடு, அதாவது பூவின் இதழ்களோடு, ஒட்டியிருக்கின்றன. மூன்றும் வேறு வேறு. 'கம்பிகள் இணைந்தவை', 'பைகள் இணைந்தவை', 'அல்லி ஒட்டியவை' என்று எழுத இன்னும் ஒரு சொல் போதும். அதைக்கூட எழுத மாட்டார்களா?

மறுநாள் அவளைக் கூப்பிட்டு ஒரு கடுகுப் பூவைப் பிரித்துக் காட்டினேன். லென்ஸ் வைத்து எண்ணினாள். ஆறு. நீளம் எது, குட்டை எது என்று அவளே சொன்னாள், ஒரு நிமிடம் ஆகவில்லை. அப்புறம் நிமிர்ந்து, "அப்போ புத்தகத்துலயும் இப்படியே எழுதலாமே மிஸ்?" என்றாள்.