சால்மன் தேடும் ஊரில் மத்தி

எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒருவர் கேட்டிருந்தார்: "நார்வே சால்மன் நல்லதாக எங்கே கிடைக்கும்? ஒமேகா-3 வேண்டும்." ஒமேகா-3 என்பது உடலுக்கு நல்லது என்று சொல்லப்படும், மீனில் இருக்கும் ஒரு கொழுப்பு. அரை மணி நேரத்தில் பதில்கள் குவிந்துவிட்டன. கடைப் பெயர்கள், தள்ளுபடி விவரம், தோல் மொறுமொறுப்பாக வர எப்படி வறுக்க வேண்டும் என்ற காணொளி. கேட்டவரும் சொன்னவர்களும் நாற்பதைத் தாண்டியவர்கள். பட்டினப்பாக்கம் கடற்கரைக்கு நடந்தே போகும் தூரத்தில் குடியிருப்பவர்கள். ஒருவர்கூட மத்தி என்ற பெயரை எடுக்கவில்லை.

எனக்கு மனம் ஆறவில்லை.

நார்வேயிலிருந்து வரும் சால்மன் பெரும்பாலும் பண்ணையில் வளர்வது. அதன் ஒமேகா-3 தீவனத்திலிருந்து வருகிறது. அந்தத் தீவனத்தில் சேர்க்கும் மீன் எண்ணெயோ நெத்திலி, மத்தி வகைச் சிறு மீன்களைப் பிழிந்து எடுத்தது. சிறு மீனைப் பிழிந்து பெரிய மீனுக்கு ஊட்டி, ஐஸில் வைத்து விமானத்தில் ஏற்றிக் கொண்டுவந்த பிறகுதான் நமக்கு அது சத்தான உணவாகத் தெரிகிறது. மத்தியிலோ அதே ஒமேகா-3 நேராகவே கிடைக்கிறது. அது கடலில் மிதக்கும் நுண்ணுயிர்களைத் தின்று வளர்கிறது. சீக்கிரம் வளர்ந்து பெருகுகிறது. பெரிய மீன்களைப்போலப் பாதரசமும் அதிகம் சேர்வதில்லை. அதற்கும் வரத்துக் குறையும் ஆண்டுகள் உண்டு. அப்போது காரப்பொடி வாங்கலாம், நெத்திலி வாங்கலாம், கானாங்கெளுத்தி வாங்கலாம்.

முள் அதிகம், வீடெல்லாம் நாற்றம், ஏழைகளின் மீன் என்று மத்தியை ஒதுக்கியது கைப்பேசி வருவதற்கு முன்பே நடந்ததுதான். வஞ்சிரம் வாங்கினால்தான் விருந்தாளிக்கு மரியாதை என்று வளர்ந்தவர்கள் நாம். அந்தப் பழைய கூச்சத்துக்குக் காணொளிகள் இப்போது அறிவியல் சாயம் பூசிவிட்டன. பிள்ளைகள் கைப்பேசியில் என்ன பார்க்கிறார்கள் என்று நோட்டம் விடுகிறோம். நம் தட்டில் என்ன விழ வேண்டும் என்பதை அதே கைப்பேசியிடம் ஒப்படைத்துவிட்டோம்.

இதைவிட வலிப்பது, ஏப்ரல் மாதம் பிறந்தாலே சுற்றிவரும் ஒரு செய்தி: "தடைக்காலத்தில் விற்பதெல்லாம் பழைய மீன், யாரும் வாங்காதீர்கள்." நம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன்கள் இனம் பெருக்கும் காலம் அது. ஆனால் நாட்டுப்படகுகள் கரையை ஒட்டிப் போய் வருகின்றன. அந்த மீன்தான் காலையில் கூடையில் இருக்கிறது. கொஞ்சம்தான் இருக்கும், வஞ்சிரம் கேட்டால் இருக்காது. ஐஸில் கிடந்த பழைய மீனை விற்பவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள். இரண்டையும் பிரித்தறியத் தெரியாமல் ஒரு பொத்தானை அழுத்திப் பத்துக் குழுக்களுக்கு அனுப்பிவிடுகிறோம். அடி விழுவது நாட்டுப்படகுக்காரரின் வீட்டு அடுப்பில்.

நேற்றுக் காலை நொச்சிக்குப்பம் மீன் அங்காடிக்குப் போயிருந்தேன். மீன் விற்ற ஓர் அம்மாவிடம், "எப்படியம்மா பார்த்து வாங்குவது?" என்று கேட்டேன். அவர் நீளமாக விளக்கவில்லை. ஒரு மத்தியை எடுத்துச் செவுளைக் கட்டைவிரலால் தூக்கிக் காட்டினார், ரத்தச் சிவப்பு. வயிற்றில் என் விரலை வைத்து அழுத்தச் சொன்னார்; குழி விழாமல் நிமிர்ந்தது. பிறகு கண்ணைக் காட்டினார்; தெளிவாக, புடைத்து இருந்தது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. "இதைத் தெரிந்துகொண்டால் யார் உன்னை ஏமாற்ற முடியும் தம்பி?" என்றார். இத்தனை ஆண்டுகளில் நான் பார்த்த எந்தச் சமையல் காணொளியும் எனக்கு இதைக் கற்றுத்தரவில்லை.

மாங்காய் போட்டுக் குழம்பு வைத்தோம். முள்ளை நானே எடுத்துக் கொடுத்தேன். என் மகள் நான்கு மீன் சாப்பிட்டாள்.

குழம்புச் சட்டியின் படத்தைக் குழுவில் போட்டு, மேலே எழுதியதையெல்லாம் சுருக்கமாகச் சொன்னேன். சால்மன் கேட்டவர்தான் முதலில் பதில் எழுதினார்: "எத்தனை மணிக்குப் போக வேண்டும்?" வரும் ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கிளம்புகிறோம். இன்னும் இரண்டு பேர் வருகிறார்கள். ஆளுக்கொரு தூக்குவாளி எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன்.