தகவல் அட்டை அணிவது குற்றமா?

"எனக்குக் காது கேட்காது, எழுதிக் காட்டுங்கள்" என்ற அட்டையை அரசு முத்திரையின்றிக் கழுத்தில் அணிவது குற்றம் என்று தஞ்சை, கும்பகோணம் பகுதி வாட்ஸ்அப் குழுக்களில் பரவும் செய்தி தவறானது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தில் அப்படியொரு தடை இல்லை. அரசு வழங்கும் தனித்துவ அடையாள அட்டை, குறைபாட்டின் வகையையும் விழுக்காட்டையும் சான்றளித்துச் சலுகை பெற உதவுகிறது. காது கேளாதவரிடம் எப்படிப் பேச வேண்டும் என்பதைச் சொல்வது கையால் எழுதிய அட்டைதான். கும்பகோணம் பேருந்து நிலையத்தில் நான் பார்த்த ஒரு பெண்மணியின் அட்டையில், வியர்வையில் மை கலைந்த எழுத்தில், "முகம் பார்த்து மெதுவாகப் பேசுங்கள்" என்று மட்டுமே இருந்தது. அவரைப் போன்றவர்களை மோசடிக்காரர்கள் என்று சந்தேகிக்கத் தூண்டுவது கொடுமை. பக்கவாதத்தால் பேச்சிழந்தவர்களுக்கும் இத்தகைய அட்டையே துணை. அந்தப் பேச்சிழப்பு நிரந்தரமானால், அதையும் அச்சட்டம் தன் 21 வகைக் குறைபாடுகளுக்குள் ஏற்கிறது.